மீட்டர் விலை சரி... ஸ்டிரிப் விலை கேட்டீர்களா?

அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு சுகர் மெஷின் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன், பொங்கலுக்கு வரும்போது புதிதாக இன்னொன்று வாங்கி வருகிறான். மறுநாள் காலை அதே விரல், அதே ரத்தத் துளி. பழைய மெஷின் 168 என்கிறது. புதியது 189 என்கிறது. ‘எதுப்பா பொய் சொல்லுது?’ என்று வீட்டில் பட்டிமன்றமே தொடங்கிவிடும். அம்மா பழையதின் கட்சி, மகன் புதியதின் கட்சி. அப்பாவுக்கு 168-தான் பிடித்திருக்கிறது. காரணம் கேட்கவே வேண்டாம்.

இரண்டுமே பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. அதன்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதனால்தான் மிக்ஸி, கிரைண்டர் மாதிரி குளுக்கோமீட்டரும் வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. வித்தியாசம் ஒன்றுதான். மிக்ஸி வாங்கப் போனால் எத்தனை ஜார், எத்தனை வாட்ஸ், மோட்டாருக்கு எத்தனை வருஷம் வாரன்டி என்று ஒரு மணி நேரம் குடைகிறார்கள். சுகர் மெஷின் வாங்கும்போது ‘எவ்வளவு, ஆஃபர் உண்டா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்த மெஷின் காட்டும் எண்ணை வைத்துத்தான் ஒருவர் இன்சுலின் எத்தனை யூனிட் போடுவது என்று முடிவு செய்கிறார்.

நூற்றுக்கு 15 வரை அனுமதி

வீட்டு மீட்டர்களுக்கு உலக அளவில் ஒரு தரவிதி இருக்கிறது. பெயர் ஐ.எஸ்.ஓ. 15197:2013. அது கேட்பது இதைத்தான்: லேபில் கிடைக்கும் அளவு 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், மீட்டர் காட்டுவது அதிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள். அதுவும் நூறு தடவை பார்த்தால் 95 தடவை இப்படி இருந்தால் போதும்.

அந்த அப்பாவின் ரத்தத்தில் உண்மையான சர்க்கரை 180 என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 153 என்று காட்டினாலும் பாஸ், 207 என்று காட்டினாலும் பாஸ். 168, 189 இரண்டும் தாராளமாக அந்த எல்லைக்குள் வருகின்றன. ஒரே மெஷினில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தாலும் பத்துப் பதினைந்து வித்தியாசம் வரும். ஆகவே ‘நேற்று 142, இன்று 151, ஏறிடுச்சு’ என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை. 142 இருந்த இடத்தில் 220 வந்தால் அது செய்தி. 151 செய்தி இல்லை.

மேல்பக்கத்தில் இந்தத் தளர்வு பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கீழ்ப்பக்கம்தான் ஆபத்து. உண்மையான அளவு 65 என்றால் மீட்டர் 80 என்று காட்டவும் விதி இடம் தருகிறது. 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது எந்த நேரமும் வரலாம். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பசி பிடுங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது, மீட்டரோ 80 என்கிறது. அப்போது மீட்டரை நம்புவதா, உடம்பை நம்புவதா? உடம்பைத்தான் நம்ப வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை சர்க்கரை கொஞ்சம் ஏறிப்போவதால் வரும் நஷ்டம் சின்னது. தாழ்ந்துகொண்டே போவதைக் கவனிக்காமல் விட்டால் வருவது சின்னது இல்லை.

மெஷினோடு மெஷினை மோதவிட வேண்டாம்

சந்தேகம் வந்தால் இன்னொரு மீட்டரை வாங்கி ஒப்பிடுவது, இரண்டு கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பது மாதிரி. எது சரி என்று கடைசி வரை தெரியாது. ஒப்பிட வேண்டியது லேபோடு. அதையும் பலர் தப்பாகச் செய்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வீட்டில் விரலில் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தால் அது ஒப்பீடே இல்லை. இடையில் மூன்று மணி நேரத்தில் ஈரல் தன் வேலையைச் செய்திருக்கும்.

சரியான வழி இது: வெறும் வயிற்றில் போக வேண்டும். மீட்டரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு, ஐந்து பத்து நிமிஷத்துக்குள், அங்கேயே விரலில் குத்திப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிறு ஏன் முக்கியம் என்றால், சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். 20, 30 மி.கி., சிலருக்கு அதற்கு மேலும். அது மீட்டரின் தப்பு இல்லை. உடம்பின் திசுக்கள் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகுதான் ரத்தம் நரம்புக்குத் திரும்புகிறது. வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

லேபும் எப்போதும் தெய்வ வாக்கு இல்லை. குழாயில் எடுத்த ரத்தம் அப்படியே கிடந்தால், அதிலிருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைக் கட்டுப்படுத்தத்தான் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பையில் போட்டு, நாலு தெரு சுற்றி, மதியம் லேபுக்குப் போய்ச் சேரும் சாம்பிளில் 110 என்று வந்து, காலையில் மீட்டர் 126 காட்டியிருந்தால், குற்றவாளி மீட்டர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்படி முறையாக இரண்டு மூன்று தடவை பார்த்தும் வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால், அந்த மெஷினை அல்லது ஸ்டிரிப்பை மாற்றத்தான் வேண்டும்.

18-ல் 6

‘பெரிய கம்பெனி, விலை ஜாஸ்தி, அதனால் நல்லா இருக்கும்’ என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. டயாபடிஸ் டெக்னாலஜி சொசைட்டி என்ற அமைப்பு, அங்கே விற்பனையில் இருந்த 18 மாடல்களை எடுத்து, மூன்று இடங்களில் தனித்தனியாக, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் சோதித்தது. எல்லாமே அரசு அனுமதி பெற்றவை. 2018-ல் வெளியான முடிவு: மூன்று சோதனையிலும் தேறியவை ஆறே ஆறு. முதலிடத்தில் வந்த கான்டூர் நெக்ஸ்ட் நூற்றுக்கு நூறு வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், தேறிய ஆறில் இரண்டு, வால்மார்ட், சிவிஎஸ் என்ற கடைகள் தங்கள் பெயரிலேயே விற்கும் மலிவு மெஷின்கள். பெயர் பெற்ற பிராண்டுகள் சில தேறாத பட்டியலில் இருந்தன.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே கடைக்குப் போவதில் பயனில்லை. நம்மூரில் கிடைக்கும் மாடல்கள் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஸ்டிரிப் வேறாக இருக்கலாம். எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், விலையும் துல்லியமும் கைகோத்துப் போவதில்லை என்பதுதான். இங்கே பார்க்க வேண்டியது, பெட்டியிலோ உள்ளே இருக்கும் மடிப்புத் தாளிலோ ‘ஐ.எஸ்.ஓ. 15197:2013’ என்ற வரி இருக்கிறதா என்று. வெறும் ‘15197’ என்றோ, பின்னால் 2003 என்றோ போட்டிருந்தால் அது பழைய, இன்னும் தளர்வான விதி. அதில் 20 சதவீதம் வரை அனுமதி உண்டு.

ஒரு சொட்டில் நடப்பது என்ன?

மெஷின் என்று கையில் பிடித்திருப்பது ஒரு சின்னக் கணக்குப் பிள்ளை மட்டும்தான். உண்மையான பரிசோதனை ஸ்டிரிப்பின் நுனியில், ஐந்து விநாடியில், ஒரு நொதியின் மூலம் நடந்து முடிகிறது. அந்த நொதி சர்க்கரையோடு வினைபுரியும். அப்போது உண்டாகும் நிற மாற்றத்தை ஒளியால் அளப்பது ஒரு வகை. மெல்லிய மின்னோட்டமாக அளப்பது இன்னொரு வகை. இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மின்னோட்ட வகை. 1970 வாக்கில் அமெரிக்காவில் வந்த முதல் மீட்டர், ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஆஸ்பத்திரிக்கென்று செய்தது, நோயாளிக்கு விற்கவே மாட்டார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற எஞ்சினியர், தன் மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே தன் சர்க்கரையைப் பார்க்க ஆரம்பித்தார். பிற்பாடு அவரே டாக்டருக்குப் படித்தது தனிக் கதை.

நொதி எது என்பது வேதியியல் மாணவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திரவங்களில் ஐக்கோடெக்ஸ்ட்ரின் என்ற ஒன்று உடம்பில் மால்டோஸாக மாறும். ஜி.டி.எச்.-பி.கியூ.கியூ. என்ற நொதி போட்ட ஸ்டிரிப்புகளுக்கு மால்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கூட்டிக் காட்டிவிடும். இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இப்படி 13 மரணங்கள் பதிவானதைச் சொல்லி, அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2009-ல் எச்சரிக்கை விட்டது. இன்று பல கம்பெனிகள் நொதியை மாற்றிவிட்டன. இருந்தாலும் வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது என்றால், ‘இந்த ஸ்டிரிப் மால்டோஸைச் சேர்த்துக் காட்டுமா?’ என்று சிறுநீரக டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் வாங்கக் கூடாது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதிக்கு மால்டோஸ் தொந்தரவு கிடையாது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினால் குறைத்தும், குறைந்தால் கூட்டியும் காட்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல.

இதைவிடப் பரவலான பிரச்சினை ரத்தசோகை. 2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைந்த ரத்தத்தில் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதாவது, உண்மையில் 65-க்கு இறங்கிவிட்ட ஒரு பெண்ணுக்கு மெஷின் ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லும் வாய்ப்பு, ரத்தசோகை இல்லாதவரைவிட அதிகம். கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மடிப்புத் தாளில் ‘ஹிமட்டோகிரிட்’ என்ற சொல்லைத் தேடினால் ஒரு எல்லை கொடுத்திருப்பார்கள். சில மாடல்களில் 30 முதல் 55 வரை, சிலவற்றில் 10 முதல் 65 வரை. ரத்தசோகை உள்ள வீட்டுக்கு அகலமான எல்லை உள்ளதே நல்லது. மெமரி 500, மெமரி 1000 என்று பெட்டியின் முகப்பில் போடும் எண்களைவிட இந்த எண் எத்தனையோ மடங்கு முக்கியம். ஆனால் இதைத்தான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கடையில் என்ன இருக்கிறது?

மருந்துக் கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை அக்யூ-செக், ஒன்டச், கான்டூர், டாக்டர் மோர்பென் வகையறாக்கள். அக்யூ-செக் ஆக்டிவ் நிற மாற்றத்தைப் பார்த்துச் சொல்லும் வகை. அதே கம்பெனியின் இன்ஸ்டன்ட் மின்னோட்ட வகை. அதற்கு ரத்தம் கொஞ்சம் போதும். ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள், எண்ணோடு நிற அம்புக்குறியும் காட்டும். எண் படித்துப் பொருள் புரிந்துகொள்ளச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அது சௌகரியம். கான்டூர் பிளஸ்ஸில், முதலில் தொட்ட ரத்தம் போதாவிட்டால் அதே ஸ்டிரிப்பில் அரை நிமிஷத்துக்குள் இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும் அதைத் தேர்ந்தெடுக்க. வீணாகும் ஒவ்வொரு ஸ்டிரிப்பும் காசு. டாக்டர் மோர்பென் இந்திய பிராண்ட், ஸ்டிரிப் விலை குறைவு.

பீட்ஓ போல ஃபோனில் செருகிப் பார்ப்பவையும் உண்டு. கணக்கெல்லாம் ஃபோனிலேயே ஏறிவிடும், டாக்டருக்கு அனுப்பலாம், வசதிதான். ஆனால் அந்த ஃபோன் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாட்டியின் சுகர் மெஷின் பேரனின் ஃபோனில் ஓடுகிறது என்றால், பேரன் காலேஜுக்குப் போனதும் பாட்டியிடம் மெஷின் இல்லை.

எந்த மாடல் வாங்கினாலும் ‘ஹெச்.ஐ.’, ‘எல்.ஓ.’ என்ற எழுத்துகள் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் ‘ஹாய்’ சொல்லவில்லை. பெரும்பாலான மாடல்களில் 600-க்கு மேல் போனால் வருவது ஹெச்.ஐ.; மெஷினால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே போனால் எல்.ஓ. கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தும் ஹெச்.ஐ. என்றால் உடனே ஆஸ்பத்திரி. எல்.ஓ. என்றால் மறுபடி பார்க்கவெல்லாம் நிற்காமல் உடனே சர்க்கரை.

கணக்கு எங்கே ஓடுகிறது?

பிரின்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இங்க்கில் காசு பார்க்கிற வியாபாரம்தான் இங்கேயும். மீட்டர் ஐந்நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம். சில சமயம் இலவசமாகவே வரும். ஸ்டிரிப் ஒன்று பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாய் வரை போகிறது. ஒரு மெஷினின் ஸ்டிரிப் இன்னொன்றில் வேலை செய்யாது. இன்சுலின் போடும் ஒருவர் தினம் இரண்டு தடவை பார்த்தால் வருஷத்துக்கு 730 ஸ்டிரிப். 20 ரூபாய் ஸ்டிரிப் என்றால் 14,600 ரூபாய். 12 ரூபாய் என்றால் 8,760. வித்தியாசம் 5,840 ரூபாய். மெஷினில் இருநூறு ரூபாய் ஆஃபர் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டவர், முதல் மாதத்திலேயே அதைத் தாண்டி இழந்திருப்பார்.

காசு மட்டும் இதில் விஷயம் இல்லை. ஸ்டிரிப் விலை கட்டுப்படியாகாத வீட்டில் மெஷின் மெல்ல அலமாரிக்குப் போய்விடும். ‘முந்தாநாள்தான் பார்த்தேன்’ என்பது ‘போன மாசம் பார்த்தேன்’ ஆகிவிடும். மிகத் துல்லியமான மெஷின் அலமாரியில் தூங்குவதைவிட, தரவிதிக்குள் வரும் சாதாரண மெஷினைத் தேவையான நாளில் எல்லாம் பயன்படுத்துவதே மேல். ஆகவே கடையில் முதல் கேள்வி ஸ்டிரிப் விலையாகவும், இரண்டாவது கேள்வி ‘இது நம்ம ஊர்க் கடையில் எப்பவும் கிடைக்குமா?’ என்பதாகவும் இருக்கட்டும்.

அரசாங்கமும் விலையில் சில தடவை கை வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து வீட்டுக் கருவிகளுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்டிரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையிலேயே பில் போடுகிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பது தப்பில்லை.

ஐம்பது ஸ்டிரிப் டப்பா மலிவு என்று வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. சில கம்பெனி ஸ்டிரிப்புகள் டப்பாவைத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் தாங்கும். சிலது டப்பாவில் அச்சடித்த தேதி வரை தாங்கும். வாரம் இரண்டு தடவை மட்டும் பார்ப்பவருக்கு ஐம்பது ஸ்டிரிப் ஆறு மாதம் வரும். மூன்று மாத வகை என்றால் பாதி டப்பா குப்பைதான். அவருக்கு 25 டப்பாதான் உண்மையில் மலிவு. திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதிவைப்பது நல்லது. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் ஸ்டிரிப்புகள் பெரும்பாலும் காலாவதி நெருங்கியவை. தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஈரப்பதம் ஸ்டிரிப்புக்கு ஜென்ம விரோதி. டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஸ்டிரிப்பை எடுத்த உடனே மூடிவிட வேண்டும். தனியாக எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்ளக் கூடாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம். ஃபிரிட்ஜில் வைப்பதும் தப்பு. வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

கை கழுவினீர்களா?

2011-ல் ஜப்பானில் ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தார்கள். சிலரை ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கை கழுவியதும் சரியாகிவிட்டது. வாழைப்பழம் உரித்துக் கொடுத்த கை, பேரனுக்கு லட்டு ஊட்டிய கை, காபியில் சர்க்கரை போட்ட கை எல்லாம் இதே கதைதான். திடீரென்று 290 வந்து வீடே பதறும் நாட்களில் பாதி, கை கழுவினால் தீர்ந்துவிடும்.

கழுவினால் மட்டும் போதாது, நன்றாகத் துடைத்து உலர்த்தவும் வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப் போய்க் குறைவாகக் காட்டும். விரலின் நடுச்சதையில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வராவிட்டால் விரலைப் பசு மடி மாதிரி பிழியாமல், கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினால் தானாக வரும். பிழிந்தால் திசு நீரும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும்.

எத்தனை தடவை பார்ப்பது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. இன்சுலின் போடுபவருக்கு அது தினசரி வேலை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, மூன்று மாத சராசரி நன்றாக இருப்பவர் தினமும் காலையில் விரலைக் குத்திக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்து மனசு நொந்துபோவதில் பெரிய லாபம் இல்லை. அவருக்கு ஜோடியாகப் பார்ப்பதுதான் உபயோகம்: ஒரு நாள் இட்லிக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னொரு நாள் பொங்கலுக்கு அதே மாதிரி. எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை எந்தப் பத்தியம் எழுதிய புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் வரை சர்க்கரையைக் காட்டும் சென்சார்கள் இன்னொரு உலகம். இன்சுலின் போடும் குழந்தைகளுக்கும், தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுபவர்களுக்கும் அவை பெரிய துணை. ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. அவை அளப்பதும் ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திசு நீரை. எனவே சில நிமிஷம் பின்தங்கியே காட்டும். அந்தக் கை மேல் சாய்ந்து தூங்கினால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். விரல் மீட்டரை அதனால் மூட்டை கட்டிவிட முடியாது. குத்தாமலேயே சர்க்கரை சொல்லும் என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் வருகிறதே, அந்த வாட்ச்களையும் மோதிரங்களையும் தொடவே வேண்டாம். அப்படித் தானாக அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது.

புது மெஷின் வந்த வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினால், ‘எனக்கும் ஒண்ணு பாருப்பா’ என்று வரிசை கட்டுவது வழக்கம். பார்க்கலாம், ஆனால் வீட்டு மெஷினை வைத்துச் சர்க்கரை நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது, அதற்கு லேப் வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மட்டும் இன்னொருவருக்குக் குத்தவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும். ஹெபடைடிஸ்-பி பரவ அந்தக் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போதும். குத்தி முடித்த ஊசிகளை நேராகக் குப்பைக் கவரில் போட்டால், மறுநாள் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, மேலே பெரிதாக ‘ஊசி’ என்று எழுதி, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும்.